முருகைத் தொட்டி விளக்கு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

முருகை, அதாவது பவள உயிர், வளர்க்கும் நான்கு அடிக் கடல்நீர்த் தொட்டி ஒன்றை மனதில் வைத்தே இது எழுதப்பட்டிருக்கிறது: நீளம் 120, அகலம் 45, உயரம் 45 சென்ரிமீற்றர், ஏறக்குறைய 240 லீற்றர், மேலே எல்ஈடி விளக்கு. மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்க வீடுகளில் அந்த விளக்கைக் கெடுப்பவை பெரும்பாலும் உப்பும் வெக்கையும்தான். விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே முருகை கெட்டுப்போனால், நாம் ஒரே நாளில் இரண்டு மூன்று மாற்றங்களைச் செய்ததுதான் அநேகமாகக் காரணமாக இருக்கும். மின் ஆபத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே முறைதான்: ஒன்றை மாற்றுங்கள், ஒரு கிழமை பாருங்கள், பிறகு அடுத்தது. ஒளிரும் தன்மை எத்தனை சதவீதம், தண்ணீர் எத்தனை பாகை என்று ஒரு கொப்பியில் திகதியோடு குறித்து வையுங்கள்.

மின் ஆபத்து முதலில் வருகிறது. அங்கே கிழமைக் கணக்கு இல்லை.

தண்ணீரில் கை வைத்தால் சுர்ரென்கிறது

கையை எடுங்கள். ஈரக் கையோடு பிளக்கைத் தொட வேண்டாம். மெயின் போர்டில் போய் சுவிட்சை இறக்கிவிட்டு, கையைத் துடைத்து, செருப்புப் போட்டுக்கொண்டு வந்து தொட்டியின் எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். இந்தச் சுர்ரென்ற உணர்வு விரலில் சின்னக் கீறல் இருக்கும் இடத்தில்தான் முதலில் தெரியும். றப்பர் செருப்போடு நிற்பவருக்குத் தெரியாமலே போகலாம். அதனால் வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிகிறது என்றால் அது பிரமை என்று தள்ளிவிடக் கூடாது.

குற்றவாளியைப் பிடிக்க மல்டிமீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைத் தண்ணீரிலும் மறு முனையை சொக்கெட்டின் எர்த் துளையிலும் வையுங்கள். மெயினைப் போட்டு, ஒவ்வொரு கருவியாகச் செருகி அளவைப் பாருங்கள். தண்ணீருக்குள் இருக்கும் பம்புகளின் சுருளால் 10, 20, 30 வோல்ட் என்று காட்டும். டிஜிட்டல் மீட்டரில் இது வழக்கம். ஒரு கருவியைச் செருகியதும் அளவு ஒரேயடியாக ஏறினால் அதுதான். பம்பு வயர் தோல் வெடித்திருக்கலாம், ஹீற்றர் கண்ணாடி கீறியிருக்கலாம். இங்கே அனேக வீடுகளில் ஹீற்றர் தேவையே இல்லை, எடுத்துவிடுங்கள். பழுதான கருவியை டேப் சுற்றித் திரும்ப இறக்கக் கூடாது.

தண்ணீரைத் தொடும்போது ஒன்றுமில்லை, விளக்கின் அலுமினிய உடம்பைத் தொடும்போது மட்டும் குறுகுறுக்கிறது என்றால் காரணம் வேறு. இரண்டு ஊசி அடப்டரில் ஓடும் எல்ஈடி விளக்கில், உள்ளே இரைச்சலை அடக்க வைத்திருக்கும் கொண்டென்சர் வழியாக உலோகப் பகுதி எர்த்தோடு ஒப்பிட 100 வோல்ட்டுக்கு மேலாகவே மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது, உலர்ந்த கைக்குத் தெரியாது. உப்பு நீர் பட்ட கைக்குத் தெரியும். விளக்கில் எர்த் திருகாணி இருந்தால் மூன்று ஊசிப் பிளக்கோடு எர்த் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாத விளக்கில் நீங்களாக ஓட்டை போட்டு எர்த் வயர் முறுக்க வேண்டாம். உண்மையான கசிவா, மிதக்கும் வோல்ட்டா என்று கையால் பிரித்தறிய முடியாது. மீட்டர் சொல்லும்வரை அந்த விளக்கைத் தொட்டிக்கு மேலே வைக்காதீர்கள்.

ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

மின் கசிந்தால் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் இந்தச் சுவிட்ச் எப்போது விழுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. விளக்கு எரியத் தொடங்கும் அதே நேரத்தில் விழுந்தால் டிரைவரில் (எல்ஈடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டியில்) பழுது. மார்கழி மழையில், விடியப்புறத்தில், எந்தக் கருவியும் மாறாத நேரத்தில் விழுந்தால் சொக்கெட்டில் உப்பு ஈரம். புதிதாக ஒன்றைச் செருகிய பிறகு கண்டபடி விழுந்தால் சின்னச் சின்னக் கசிவுகள் கூடிவிட்டன.

இந்தக் கடைசியை விளக்க வேண்டும். வீடுகளில் மனித உயிரைக் காக்கப் பொருத்துவது 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச். அது 15இற்கு மேல் எங்கேயும் விழலாம், 30இல் விழுந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு டிரைவரும் அடப்டரும் இயல்பாகவே ஒரு மில்லிஅம்பியருக்குள் கசியும். தொட்டியில் ஆறேழு, அதோடு குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், கணினி எல்லாம் சேர்ந்தால் எல்லைக்குக் கிட்ட வந்துவிடும். பிறகு கொஞ்சம் ஈரம் போதும். இதற்குத் தீர்வு தொட்டிக்கென்று தனி இணைப்பும் தனி 30 மில்லிஅம்பியர் ட்ரிப்பும். ட்ரிப்பைத் தவிர்த்து நேர் வயர் கொடுப்பதும், 100 மில்லிஅம்பியராக மாற்றுவதும் உயிரோடு விளையாடுவது. யார் செய்து தருகிறேன் என்றாலும் விடாதீர்கள். மாதம் ஒருமுறை அதன் ‘டி’ பொத்தானை அழுத்துங்கள்; விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்ற வேண்டும்.

ஒரு பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பித்தளை ஊசியின் அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கும். விரலால் தட்டினால் உதிரும். அதைச் சுற்றிப் பிளாஸ்டிக்கில் தேயிலைச் சாயம் போல ஒரு பழுப்பு வளையம் தெரிந்தால் அங்கே சூடு ஏறியிருக்கிறது. அரத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்பச் செருகினால் ஒரு மாதம் ஓடும், பிறகு பற்றும். பிளக், சொக்கெட் இரண்டையும் மாற்றுங்கள்.

புதிதாகப் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை இவை. வயர் தொட்டியிலிருந்து நேரே சொக்கெட்டுக்குப் போகக் கூடாது. சொக்கெட்டுக்குக் கீழே ஒரு சாண் தொங்கி, அங்கிருந்து மேலேறிச் செருக வேண்டும். வயர் வழியே ஓடிவரும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். மல்டி பிளக்கைத் தொட்டிக்குக் கீழ்த் தரையில் போடாமல் பக்கச் சுவரில், தொட்டி விளிம்பிலிருந்து தள்ளித் திருகுங்கள். டிரைவர் பெட்டிகளை சம்ப் (தொட்டி நீரை வடிகட்டும் கீழ்த் தொட்டி) இருக்கும் அலுமாரிக்குள் அடைக்காதீர்கள். அங்கே உப்பு ஆவி நிற்கும். 200 வாட் விளக்கு ஓர் அம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும், ஆகவே அதன் 13 அம்பியர் பிளக்கினுள் 3 அம்பியர் பியூஸ் போதும். பழைய வீட்டில் எர்த் இல்லாத இரண்டு துளை சொக்கெட் மட்டும்தான் என்றால் முதலில் எர்த் இழுங்கள். எர்த் இருந்தால் கசிவு தொடங்கியதும் ட்ரிப் விழும். இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் விழும்.

விளக்கு மினுங்குகிறது, அல்லது ஒரு நிறம் மட்டும் எரியவில்லை

கைப்பேசிக் கமெராவில் மட்டும் கோடு கோடாகத் தெரிந்தால் அது பழுதல்ல. ஒளியைக் குறைப்பதற்காக விளக்கு வேகமாக அணைந்து எரிகிறது, அவ்வளவுதான். கண்ணுக்கே தெரிந்தால் மற்ற அறைகளின் பல்புகளையும் பாருங்கள். ஒரு பல்ப் மங்க இன்னொன்று பளிச்சிட்டால் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) தளர்ந்திருக்கிறது; உடனே மெயினை நிறுத்தி மின்சாரம் வழங்குவோருக்கு அறிவியுங்கள். அந்த நிலையில் வீட்டுக்குள் 300 வோல்ட்டுக்கு மேலும் வரலாம். நமது இணைப்பின் நியம அளவு 230 வோல்ட், ஏற்ற இறக்கம் 6 சதவீதம், அதாவது 216இலிருந்து 244 வரை. மாலை ஏழு மணிக்கு 205 காட்டினாலும் நல்ல டிரைவர் தாங்கும். அது தாங்காதது ஏற்றத்தைத்தான்.

வீட்டு மின்சாரம் சரி என்றால் விசிறியைக் கவனியுங்கள். விளக்கின் காற்று வெளியேறும் துளையில் ஒரு மெல்லிய கடதாசித் துண்டைப் பிடித்தால் அது படபடக்க வேண்டும். அசையாவிட்டால் உப்பும் தூசும் சேர்ந்து விசிறி இறுகிவிட்டது. விளக்கின் உலோகச் செட்டையில் ஐந்து செக்கன் உள்ளங்கையை வைத்திருக்க முடியாத அளவு சுட்டால், விசிறி சரியாகும்வரை பாதி ஒளிக்கு இறக்குங்கள். விசிறியின் முதுகில் எழுதியிருக்கும் அளவையும் வோல்ட்டையும் பார்த்து அதேபோல் வாங்கிப் போடலாம். பெரும்பாலும் 12 வோல்ட்.

நீலம் முழுக்க அணைந்து வெள்ளை மட்டும் எரிகிறதா? எல்ஈடிகள் மாலைபோல் வரிசையாகக் கோக்கப்பட்டவை, ஒன்று அறுந்தால் அந்த வரிசையே அணையும். டிரைவரா, எல்ஈடியா என்று அறிய, ஒரே மில்லிஅம்பியர் அளவுள்ள இரண்டு டிரைவர்களின் வெளியீட்டை மாற்றிச் செருகிப் பாருங்கள். இருட்டு இடம் மாறினால் டிரைவர், மாறாவிட்டால் எல்ஈடி. மாற்றும்போது மின்சாரத்தை நிறுத்தி ஐந்து நிமிடம் விடுவது கட்டாயம். ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரில் எல்ஈடியைச் செருகினால், கொண்டென்சரில் தேங்கிய வோல்ட் ஒரே அடியில் நல்ல எல்ஈடியையும் சுட்டுவிடும். டிரைவரின் மூடியைத் திறக்கவே வேண்டாம்: பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 325 வோல்ட் வரை நேர்மின் தங்கியிருக்கும்.

முருகை வெளிறுகிறது

முருகையின் சதைக்குள் நுண்பாசி வாழ்கிறது. நிறத்தின் பெரும் பங்கும் உணவின் பெரும் பங்கும் அதிலிருந்துதான். ஒளியோ வெப்பமோ மிஞ்சினால் அந்தப் பாசி நச்சு ஒட்சிசனை உண்டாக்கத் தொடங்கும், முருகை அதை வெளியே தள்ளிவிடும். 1998இல் இந்து சமுத்திரம் சூடேறியபோது முருகைகள் பெருமளவில் வெளிறியதும் இதே வழியில்தான். ஆகவே வெளிறிய முருகையைக் கண்டதும் விளக்கின் பொத்தானுக்குக் கை போக முன், வெப்பமானியைப் பாருங்கள்.

அதிகாலை ஆறு மணிக்கும் பிற்பகல் இரண்டரைக்கும் அளந்து எழுதுங்கள். 25இலிருந்து 27 பாகை நல்லது. 29ஐத் தாண்டினால் முருகை திணறும், 31இல் நாள்கணக்கில் நின்றால் வெளிறும். கச்சான் வீசும் மாதங்களில், சீற் போட்ட கூரைக்குக் கீழே உள்ள அறையில் 31 வருவதற்கு விளக்கே தேவையில்லை. அங்கே செய்யக்கூடியவை: மேல் மூடியை எடுத்து, நீர்ப் பரப்பின் மேல் படும்படி ஒரு விசிறியைச் சாய்த்து வையுங்கள், 2 பாகை இறங்கும், சில நாட்களில் 3. கச்சானின் உலர்ந்த காற்றில் இது நன்றாக வேலை செய்யும், மாரியின் ஈரக் காற்றில் குறைவாக. அதற்கு ஈடாக நாளுக்குச் சில லீற்றர் நீர் ஆவியாகும். அதை ஆர்ஓ (எதிர்ச் சவ்வூடுபரவல்) முறையில் வடிகட்டிய நன்னீரால் மட்டும் நிரப்புங்கள். உப்பு ஆவியாவதில்லை, கடல் நீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். விளக்கு நேரத்தையும் நகர்த்துங்கள்: காலை பத்திலிருந்து மாலை ஆறு என்று வைத்திருந்தால் அறையின் சூடும் விளக்கின் சூடும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். பிற்பகல் மூன்றிலிருந்து இரவு பதினொன்று என்றால் அவை பிரியும். முருகைக்கு எட்டு மணி நேரம் கிடைத்தால் போதும், அது எந்த எட்டு என்பது அதற்குப் பொருட்டல்ல.

வெப்பம் சரியென்றால் முருகையின் உடம்பிலே நிறம் எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். உச்சியும் மேற்பக்கமும் வெளுத்து, அடியிலும் நிழல் விழும் இடுக்கிலும் நிறம் இருந்தால் ஒளி அதிகம். மேலும் கீழும் ஒரே சீராக வெளுத்திருந்தால் வெப்பம் அல்லது பட்டினி. நைத்திரேற்றும் பொசுபேற்றும் இரண்டும் பூச்சியம் காட்டும் பளபளப்பான தொட்டியில் முருகை பட்டினியால் வெளிறும். மீனுக்குக் கூடுதலாக உணவு போட்டு நைத்திரேற்றை லீற்றருக்கு 5 மில்லிகிராம் அளவிலும் பொசுபேற்றை 0.05 அளவிலும் நிறுத்துங்கள். அடிப்பக்கத்திலிருந்து தோல் உரிந்து எலும்பு தெரிந்துகொண்டு வந்தால் அது வெளிறலே அல்ல, திசு அழிகிறது. விளக்கைக் குற்றம் சொல்லி நேரத்தை வீணாக்காமல் உப்பு, காரத்தன்மை அளவுகளைச் சோதியுங்கள்.

உயிர் இருக்கிறதா என்று இரவில்தான் தெரியும். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, சின்ன ரோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். உயிருள்ள வெள்ளை முருகையின் மேல் கோழி முட்டைக்குள் ஒட்டியிருக்கும் சவ்வைப் போல ஈரமான, கண்ணாடி போன்ற ஒரு படலம் மின்னும். அதிலிருந்து ஊசிமுனை அளவு பூக்கள் நீட்டிக்கொண்டிருக்கும். செத்ததில் அந்த மினுக்கம் இராது, ஒளி மொரமொரப்பான சுண்ணாம்பில் பட்டு அப்படியே நின்றுவிடும். மூன்று நான்கு நாளில் அதன் மேல் பச்சைத் தூசு பிடிக்கும். படலம் இருந்தால் நம்பிக்கை இருக்கிறது.

ஒளிதான் காரணம் என்று உறுதியானால் மூன்றில் ஒரு பங்கை உடனே குறையுங்கள், அல்லது முருகையைக் கீழே இறக்குங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டாம். பிறகு இரண்டு கிழமை கை வைக்காதீர்கள். புது விளக்கு போட்டால் 35 சதவீதத்தில் தொடங்கி, கிழமைக்கு 5 சதவீதமாக ஏற்றுங்கள். ஸோவாந்தஸ் (பொத்தான் முருகை) வகைகளை இடம் மாற்றும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், அவை பிடித்த கல்லைச் சுடுநீரில் அவிக்கவே கூடாது. அவற்றில் இருக்கக்கூடிய பாலிரொக்சின் என்ற நஞ்சு ஆவியோடு மூச்சில் போய் ஆளை வைத்தியசாலையில் படுக்க வைக்கும்.

செத்ததற்குப் பதிலாகப் பாசிக்குடாவிலோ வேறு கடலிலோ ஒரு கிளையை முறித்து வருவது பற்றி நினைக்கவும் வேண்டாம். இலங்கையில் கல் முருகைகள் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்பட்டவை, எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். வாங்கும்போது அனுமதிப் பத்திரத்தோடு வந்ததா என்று கேட்டு, பற்றுச்சீட்டை எடுத்து வையுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த முருகை வேண்டாம்.

முருகை பழுப்பாகிறது, தண்டு நீள்கிறது

காளான் முருகை கிண்ணம்போல் மேலே எழும்பினால், ஸோவாந்தஸின் தண்டு நீண்டு தலை சிறுத்தால் ஒளி போதவில்லை. நீளாமல் நிறம் மட்டும் பழுப்பானால் பெரும்பாலும் நைத்திரேற்று அதிகம்.

ஒளியைக் கூட்ட முன் கண்ணாடியைத் துடையுங்கள். மூடிக் கண்ணாடியிலும் விளக்கின் வில்லைகளிலும் உப்புத் தெறித்துப் பனி படிந்தது போல் இருக்கும். ஆர்ஓ நீரில் கொஞ்சம் வினாகிரி கலந்து, விளக்கை அணைத்து ஆறவிட்டு, மென் துணியால் துடையுங்கள். கைப்பேசியில் வெளிச்சம் அளக்கும் லக்ஸ் செயலியைத் துடைக்க முன்னும் பின்னும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அந்தச் செயலி இந்த ஒப்பீட்டுக்கு மட்டும்தான் உதவும். நீல ஒளியை அது மிகக் குறைத்துக் காட்டுவதால், அதன் எண்ணை வைத்து முருகைக்குப் போதுமா என்று முடிவு செய்ய முடியாது.

சரியான அளவு பார் மீட்டரில்தான் (பாசி ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்தும் ஒளியை அளக்கும் கருவி) கிடைக்கும். காளானுக்கு 50இலிருந்து 80, தோல் முருகைக்கும் ஸோவாந்தஸுக்கும் 80இலிருந்து 150, அக்ரொபோரா போன்ற கிளை முருகைக்கு 250இலிருந்து 350. மென் முருகை மட்டும் வளர்ப்பவர் அக்ரொபோராவுக்கான விளக்கை வாங்குவது காசைக் கொடுத்து வெக்கையை வாங்குவது. ஒரு விளக்கு ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் சதுரத்துக்குத்தான் ஒளி பரப்பும். நான்கு அடித் தொட்டிக்கு ஒரு பெரிய விளக்கைவிட, 60, 70 வாட்டில் இரண்டு, நீர் மட்டத்திலிருந்து 20, 25 சென்ரிமீற்றர் உயரத்தில் போடுவது நல்லது. மெட்டல் ஹேலைட் இந்த ஊர் வெக்கைக்கு ஏற்றதல்ல. டி5 குழாய் வைத்திருப்பவர்கள் பத்து மாதத்துக்கொருமுறை மாற்றுங்கள். கண்ணுக்கு நன்றாக எரிந்தாலும் ஒளி தளர்ந்திருக்கும்.

பாசி மூடுகிறது

முதல் ஆறு கிழமையில் வரும் பழுப்புத் தூசு தானாகப் போகும். பச்சை நூற்பாசி என்றால் தண்ணீரைச் சோதியுங்கள்: மணல் நிலத்துக் கிணறு மலசலகூடக் குழிக்கு அருகில் இருந்தால் அதில் நைத்திரேற்று இருக்கும், அதை நேரே தொட்டிக்கு ஊற்றுவது பாசிக்கு உரம் போடுவது. ஜன்னல் வெயில் தொட்டியில் விழுகிறதா என்றும் பாருங்கள். விளக்கை எட்டு மணி நேரமாக்கி, சிவப்பு, வெள்ளைப் பகுதிகளைக் குறைத்து நீலத்தை அப்படியே விடுங்கள்.

தொங்கும் விளக்கு ஒரு பக்கம் சாய்கிறது

அன்றைக்கே இறக்குங்கள். சீலிங் பலகையிலோ சீற்றிலோ எதையும் தொங்கவிட முடியாது. கொங்கிறீற் தட்டு என்றால் விரியும் அங்கர் போல்ட், ஓட்டு வீடு என்றால் பலகைக்கு மேலே உள்ள தீராந்தியில் கண் திருகாணி. நாகம் பூசிய இரும்புக் கம்பி கடற்காற்றில் ஓரிரு வருடத்தில் துருப்பிடித்து அறும். 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் அதே வகைக் கிளிப்பும் போடுங்கள். தாங்கும் கம்பிகளோடு, சற்றுத் தளர்வாக இன்னொரு கம்பியை வேறொரு கொழுக்கியில் கட்டுங்கள்; முதல் கம்பி அறுந்தாலும் விளக்கு தண்ணீரைத் தொடாத நீளத்தில் அது நிற்க வேண்டும். மின் வயர் ஒருபோதும் பாரத்தைத் தாங்கக் கூடாது.

கரண்ட் போய் வந்த பிறகு நேரம் தப்பி எரிகிறது

சுழலும் டைமர் கரண்ட் இல்லாத நேரம் முழுக்க நின்றுவிடும். மூன்று மணி நேர வெட்டுக்குப் பிறகு விளக்கும் மூன்று மணி நேரம் பிந்தும். இப்படியே நாலைந்து முறை போனால் விடியும்வரை எரியும். பற்றரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு மாறுங்கள், அந்தப் பற்றரியை வருடம் ஒருமுறை மாற்றுங்கள்.

வெட்டு நேரத்தில் இன்வேட்டரில் விளக்கைப் போட வேண்டாம். பற்றரியை நீரைச் சுழற்றும் பம்புக்கு வையுங்கள். இரண்டு மூன்று நாள் இருட்டை முருகை தாங்கும். சுழற்சி நின்ற சூடான நீரில் மீன்கள் சில மணி நேரத்திலேயே ஒட்சிசனுக்குத் தவிக்கும். கரண்ட் வந்ததும், போன நேரத்தை ஈடுகட்ட விளக்கை நீட்டி எரிக்காதீர்கள். புயல் மழையில் மூன்று நாளுக்கு மேல் இருட்டாக இருந்திருந்தால் வழமையான ஒளியின் பாதியில் தொடங்கி, ஒரு கிழமையில் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.